இரண்டு படங்களுக்கு நடுவில் சுகந்தி

ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், பூவாணிப்பட்டி ராஜலிங்கம் மஹாலில், தாலி ஏறிய கையோடு மணப்பெண் சுகந்தி அசைவற்றுப் போனாள். அதைக் கண்டுபிடித்தது ஐயரும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. "பொண்ணு மாப்ளைய பந்திக்கு அனுப்புங்கப்பா, அப்பளம் நமத்துப் போகுது" என்று கரண்டியும் கையுமாக மேடைக்கு வந்த சமையல்காரர் மாரிச்சாமிதான். அதற்கு முன்பே ஐயர் "எந்திரிம்மா, அக்னியச் சுத்தி வரணும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார், மாப்பிள்ளை ராஜகுரு எழுந்து நின்று, முடிச்சுப் போட்ட துண்டு இழுபட இழுபடக் காத்திருந்தான், பெண்டுகளெல்லாம் வெட்கம் வெட்கம் என்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாரிச்சாமிதான் குனிந்து பார்த்துவிட்டு, புள்ள கண் இமைக்கலையே என்றார்.

இமைக்கவில்லைதான். ஆனால் மூச்சு வந்தது, உடம்பில் சூடு இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு வேர்வைத் துளி உருளாமல் நின்றது, தலையில் விழுந்த அட்சதை சரியாமல் கிடந்தது. தோளைப் பிடித்துத் தூக்கப் போன தாய்மாமன் காளிராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆட்கள் கூடித் தூக்கியும் மணைப்பலகை தரையைவிட்டு எழவில்லை. ராஜபாளையத்திலிருந்து டாக்டரம்மா வந்து நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் படிப்புல இதுக்குப் பேருதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு வாய் பாயசம் சாப்பிட்டுப் போனார்.

இத்தனை பேர் மேடையில் ஏறி இறங்கியபோதும் சுகந்தியைப் பெற்ற சீனியம்மா மேடையில் ஏறவில்லை. அவள் மண்டபத்தின் மூன்றாவது தூணுக்குப் பின்னால், முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு நின்றாள். சுகந்தி தவழ்கிற வயதில் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி விழுந்து சீனியம்மாவின் புருஷன் செத்துப்போனான்; அன்றிலிருந்து எந்த வீட்டு மணவறைப் பக்கமும் அவள் போனதில்லை. இந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது அவள், சேலை எடுத்தது அவள், மசாலா அரைத்தது அவள், ஆனால் முகூர்த்த நேரம் வந்ததும் யாரும் சொல்லாமலே தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். தாலியறுத்தவள் நிழல் மணவறையில் விழுந்தால் மகளுக்கு ஆகாது என்பது அவள் எண்ணம், அவள் எண்ணம் மட்டும் இல்லை, ஊர் எண்ணமும் அதுதான்.

இனி அந்த இரண்டு கேமராக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் அதன் பிறகு பேசியதெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

ஒன்று எட்வின் ஸ்டுடியோ எட்வினுடையது. மதுரையில் யாரிடமோ பழசாக வாங்கியது, கறுப்பு, அம்மிக் குழவி கனம், எந்நேரமும் தொங்கித் தொங்கி அவன் பிடரியில் வாரின் தழும்பு விழுந்திருந்தது. ஆனால் விரல் பட்ட அந்த நொடியே உள்ளே இருக்கிற கண்ணாடி சடக்கென்று எழும்பி விழுந்து, கண்ட காட்சியைக் கண்டபடி பிடித்துக்கொள்ளும். மற்றது காளிராஜ் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, வெள்ளி நிறம், சட்டைப்பையில் பேனாவோடு பேனாவாகக் கிடக்கும், உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு ஒரு குணம் உண்டு. பொத்தானை அமுக்கினால் உடனே எடுக்காது. சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டும், உள்ளே ஏதோ முனகும், எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை யோசிக்கும், அப்புறம்தான் எடுக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணழைப்பிலேயே இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. "தம்பி, உன்னோடது ஆறு மெகாபிக்சல், என்னோடது பதினாலு. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது, பாத்துக்கோ" என்றார் காளிராஜ். "எலை பெருசா இருந்தா சோறு ருசிக்குமாண்ணே? உங்களோடது அமுக்கிட்டு ஒரு வெத்தலை போட்டு முடிச்சாத்தான் படம் எடுக்குது" என்றான் எட்வின். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமனை விட்டுக்கொடுக்க முடியாமல், எட்வினையும் கைவிட முடியாமல், சுகந்தியும் மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் ராஜகுரு தாலியை எடுத்துக் கழுத்துக்கு நேராகக் கொண்டுபோனபோது, எல்லாக் கல்யாணங்களிலும் சொல்வதைப் போல எட்வின், "மாப்ள, கைய அப்படியே நிறுத்துங்க. பாப்பா, லேசாத் தலையக் குனி, அவ்வளவுதான்" என்றான், சடக். அதே நொடியில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காளிராஜ் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பொத்தானை அமுக்கினார். விளக்குச் சிமிட்டியது, முனகியது, யோசித்தது. அந்த யோசனைக்குள் கெட்டி மேளம் கொட்டியது, மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டான், நாத்தனார் மிச்ச முடிச்சைப் போட்டாள், அட்சதை பறந்தது, அப்புறம்தான் அந்தச் சின்னது படம் எடுத்தது. பெரியது கையை விட்ட பிறகு, சின்னது பிடிப்பதற்கு முன்பு, நடுவில் இருந்த இடுக்கில் புள்ள விழுந்துவிட்டது என்று பூவாணிப்பட்டி முடிவு கட்டியது. அதற்கு மேல் காரணம் யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அதே மண்டபத்தில் வேறொரு வீட்டுக்கு வரவேற்பு. மண்டபத்துக்காரர் ராஜலிங்கம் கையைப் பிசைந்தார், பிறகு சுகந்தியைச் சுற்றி ஒரு பட்டுச்சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே சிம்மாசனத்தைப் போட்டு அந்த வரவேற்பை நடத்தி முடித்தார். அடுத்த முகூர்த்தத்தில் திரை எடுபட்டது, காற்றுக்குப் பறந்து தொல்லை கொடுத்ததால். அதற்கடுத்த முகூர்த்தத்தில், பல வருஷமாய் ஜாதகம் தட்டிக்கொண்டே போன ஒரு டீச்சருக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணம் நடந்தது. அந்த டீச்சர் மறு ஆவணிக்குள் தொட்டில் கட்டிவிட்டாள் என்றதும், கல்யாணம் தள்ளிப்போன பெண்களெல்லாம் மஞ்சள் கயிறும் கையுமாக பஸ் ஏறி வந்தார்கள். கண்டக்டர்கள் "முகூர்த்தத்தாயி எறங்கு" என்று விசிலடித்தார்கள். வந்தவர்கள் மேடையேறி அவள் மடியில் எலுமிச்சை வைத்தார்கள், கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், போகும்போது மாரிச்சாமியின் பந்தியில் சாப்பிட்டு, குழம்பில் உப்புக் குறைவு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் இந்த அதிசயத்தால் ஒரு லாபமும் இல்லை. ராஜகுரு நல்ல பையன். பாலக்காட்டில் டைல்ஸ் கடையில் வேலை, லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து அவள் எதிரே உட்கார்ந்து, தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அப்பாதான் கடைசியில் கூட்டம் கூட்டினார். தாலி ஏறியதா இல்லையா, என் மகன் கட்டினவனா கட்டாதவனா, அதைச் சொல்லுங்கள் என்றார். சுகந்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் மாலையும் பின்னலும் கல்லாக இறுகியிருந்தன, தாலி இருந்தாலும் உள்ளே மறைந்திருந்தது, முடிச்சு கைக்கு அகப்படவில்லை. அதனால் இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஜமக்காளத்தில் வைத்தார்கள்.

பெரிய கேமராவின் படத்தில் தாலி ராஜகுருவின் கையில் இருந்தது. சுகந்தியின் முகம் அள்ளிக்கொள்ளலாம் போலத் தெளிவு, புருவத்து மயிரை எண்ணிவிடலாம், நெற்றிச் சாந்தில் விரல் ரேகை தெரிந்தது. சின்ன கேமராவின் படத்தில் தாலி கழுத்தில் இருந்தது, கட்டிய கைகள் விலகியிருந்தன. ஆனால் படம் கோணல், மண்டபம் முழுக்க விழுந்து ஆட்களெல்லாம் எறும்பாகச் சிறுத்திருந்தார்கள், எல்லார் கண்ணும் சிவப்பு, எங்கே பார்த்தாலும் ரவையைத் தூவியது போலப் புள்ளி. ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், குழாயடியில், பெரிய கேமரா கட்சியும் சின்ன கேமரா கட்சியும் முட்டிக்கொண்டன. கேமராவையே தொட்டறியாதவர்கள் கூட லென்ஸைப் பற்றி லெக்சர் அடித்தார்கள். கடைசியில் தெளிவாக இருப்பதுதான் உண்மை என்று நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். தாலி ஏறவில்லை. ராஜகுரு மேடையேறி, சுகந்தியின் காலடியில் தன் கல்யாணத் துண்டை மடித்து வைத்துவிட்டு, தூணுக்குப் பக்கத்தில் வந்து, "நான் என்ன செய்ய அத்தை" என்றான். "நல்லாயிரு தம்பி" என்றாள் சீனியம்மா. வேறென்ன சொல்ல முடியும், அவனுக்கும் அம்மா இருக்கிறாளே.

அவளுக்கு ஊர் வழக்கில் அக்கறை இல்லை. மகள் மூச்சில்தான் அவள் உயிர் இருந்தது. காளிராஜ் சிங்கப்பூருக்குத் திரும்பாமல், தினம் காலையில் மேடையேறி சுகந்தியின் மூக்குக்கு நேரே ஒரு கைக்கண்ணாடியைப் பிடிப்பார், அதில் படிகிற ஆவியை அங்கிருந்தே தூணுக்குத் திருப்பிக் காட்டுவார். ஆரம்பத்தில் ஆவி உள்ளங்கை அகலம் இருந்தது. பிறகு அப்பள அளவாகி, வடையாகி, புளியங்கொட்டையாகிச் சுருங்கிக்கொண்டே வந்தது. அலங்காரம் வாடவில்லை, கன்னம் வற்றவில்லை, மூச்சு மட்டும் வற்றியது. ஊர் அதைக் கவனிக்கவில்லை; கும்பிட வருகிறவர்களுக்கு சாமி மூச்சு விடுகிறதா என்ற கவலை எதற்கு.

சீனியம்மா செய்யாதது ஒன்றும் பாக்கி இல்லை. இருக்கன்குடி கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தாள், மண்சோறு தின்றாள், குறிகாரர் சொன்னபடி முச்சந்தியில் பூசணி உடைத்தாள், ஒரு நாள் பித்துப் பிடித்தவளாய் எட்வின் காலிலும் தன் தம்பி காளிராஜ் காலிலும் விழுந்து, இன்னொரு தடவை அதே மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள், இந்தத் தடவை இடுக்கு இல்லாமல் எடுங்கள் என்று கதறினாள். அவர்கள் அதையும் செய்தார்கள். சின்னது யோசிக்கிற நேரத்துக்கு முன்கூட்டியே காளிராஜ் அமுக்க வேண்டும் என்பதால், தவில்காரரை உட்காரவைத்து அடி தட்டச் சொல்லி, எந்த அடிக்கு எவர் என்று வயல்காட்டில் பழகினார்கள்; ஐயரை வரவழைத்து, மேளம் வைத்து, ஓர் ஒத்திகைக் கல்யாணமே நடத்தி, சடக்கும் முனகலும் ஒரே நொடியில் விழ, ஊரே கை தட்டியது. சுகந்தி அப்படியேதான் இருந்தாள். கைதட்டு ஓயும்வரை சீனியம்மா தூணில் நெற்றியை முட்டி முட்டி நின்றாள்.

மறு ஆவணியும் கடந்து, தை மாத முகூர்த்த நாளொன்றில் கண்ணாடியில் கடுகளவு ஆவிதான் படிந்தது. காளிராஜ் அதைத் தூணுக்குக் காட்டாமல் தோளோடு மறைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, காட்டாததிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. நேரே எட்வின் ஸ்டுடியோவுக்கு நடந்தாள்.

"தம்பி, எம்புள்ளைக்கு ஒரு படம் போட்டுக்குடு. ஃபிரேம் பண்ணி."

"எதுக்குக்கா?"

"மாலை போட" என்றாள் சீனியம்மா.

எட்வின் கம்ப்யூட்டரைத் தட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு வேலையில் பழகின கை தானாக வேலையைப் பார்த்தது. பெரிய கேமராவின் படத்தைத் திறந்து முகத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினான். திரை முழுக்கச் சுகந்தி. அவ்வளவு பெரிதாக மகளை அவள் பார்த்ததே இல்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபிரேமுக்கு ஆகாதுக்கா" என்றான் எட்வின். "குனியச் சொன்னேன், பாப்பா தலைய மட்டும் குனிஞ்சிருக்கு, கண்ணு கேமராவையும் பாக்கல, மாப்ளையையும் பாக்கல. பாருங்க, இந்தப் பக்கமா எங்கயோ ஓரமாப் பாக்குது. வாய் வேற தெறந்திருக்கு. சின்னதுல எப்படியிருக்குன்னு பாப்போம்."

சின்ன கேமராவின் படம் கோணலாக வந்து நின்றது. மேடை, கூட்டம், தலைகள், விசிறி, தோரணம், எல்லாம் சிறுசிறாக. "இதுல முகம் தெளிவில்ல. ஆனா பெருசாக்கி மேடைய மட்டும் எடுத்துக்கலாம். இந்தா, இந்த ஓரத்துல தூணுக்குப் பின்னாடி உங்க சேலை வேற விழுந்திருக்கு, அத வெட்டிருவோம்." வெட்டுகிற கட்டத்தை அவன் தூணருகே கொண்டுபோனான்.

சீனியம்மா அவன் கையைப் பிடித்தாள். "வெட்டாத."

"இல்லக்கா, சகுனத்துக்கு..."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை."

வைத்தான். பெரியதில் மகளின் கண் இருந்தது, அது எதைப் பார்த்தது என்பது இல்லை. நெருங்கி எடுத்த படத்தில் முகத்தைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. சின்னதில் மகளின் கண் தெரியவில்லை, ஆனால் அந்தக் கண் போன திசையில் என்ன இருந்தது என்பது இருந்தது: ஒரு தூண், தூணுக்குப் பின்னால் ஒரு சாணம் நிறச் சேலையின் ஓரம். சீனியம்மா விரலை ஒரு படத்திலிருந்து மறு படத்துக்கு மெல்ல இழுத்துக்கொண்டுபோனாள். இத்தனை மாதம் ஊரே இரண்டு படத்தையும் வைத்துக்கொண்டு தாலியைத்தான் பார்த்தது, நானும் மூச்சைத்தான் பார்த்தேன், புள்ள யாரைப் பார்த்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று அவள் வயிறு எரிந்தது. திறந்திருந்த அந்த வாயை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலிலேயே நின்று கூப்பிடுகிற வாய் அது.

"என்னையக் கூப்பிட்டிருக்காடா" என்றாள். "எல்லாரும் ஏறினீங்களே, எவளெவளோ ஏறி எம்புள்ள கன்னத்தத் தொட்டாளே, நான் ஏறலையேடா!"

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று சந்தையிலேயே போயிற்று, முந்தானை தெருவில் புரண்டது, பின்னாலேயே எட்வின் கடையைப் பூட்டாமல் ஓடிவந்தான். மண்டபத்தில் யாரோ ஒரு வீட்டு முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. சுகந்திக்குப் பக்கத்து மணையில் யாரோ ஒரு பெண் தலை குனிந்திருந்தாள், யாரோ ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியிருந்தான். சீனியம்மா மூன்றாவது தூணைத் தாண்டினாள். கால் அங்கே ஒரு தடவை தானாக நின்றது, இத்தனை வருஷத்துப் பழக்கம் அல்லவா. அவள் அந்தக் காலைக் கையால் தொடையில் அடித்து நகர்த்தினாள்.

"ஏத்தா, எங்க ஏறுற? எறங்கு!" என்று ஒருத்தி அலறினாள். "தாலியறுத்தவ மணவறையில ஏறுறா, பிடிங்கய்யா!" என்றார் ராஜலிங்கம். அந்த வீட்டுப் பெரியவர் கெட்ட பேச்சு எதுவும் பெண்ணின் காதில் விழக்கூடாதென்று விரலை உயர்த்தி ஆட்ட, கெட்டி மேளம் மண்டபம் அதிரக் கொட்டியது. இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்தார்கள். காளிராஜ் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இரண்டு பேரையும் பிடித்தார். சீனியம்மா முழங்காலால் ஏறினாள், படியில் முட்டி தேய்ந்து ரத்தம் வர ஏறினாள், ஏறி மகளுக்குப் பக்கத்தில், ராஜகுரு எழுந்துபோன அந்த இடத்தில், பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன் தாயி. வந்துட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், விரலில் ஒன்றும் படவில்லை. மகளின் கன்னத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள், அந்தக் கன்னத்தை ஊரெல்லாம் தொட்டிருந்தது, அவள் தொடுவது அன்றுதான். "இந்தா பாரு, மேல வந்துட்டேன், ஒம்பக்கத்துல ஒக்காந்திருக்கேன், அம்மா வந்துட்டேன்டி" என்று மேளத்துக்கு மேல் கத்தினாள், கத்திக் கத்திக் குரல் உடைந்துபோனது, உடைந்த பிறகும் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் மூக்குத்திப் பக்கத்து வேர்வைத் துளி உருண்டு விழுந்தது. பிறகு தலையிலிருந்து அட்சதை, ஆவணி மாதத்து அரிசி, பொலபொலவென்று மடியில் கொட்டியது. சுகந்தி கண்ணை இமைத்தாள், தாயின் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"எத்தன தடவம்மா மேல வான்னு கூப்புடுறது?" என்றாள். "காதுலயே விழலையா?"

தவில்காரர் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"மேளச் சத்தத்துல கேக்கலத்தா" என்றாள் சீனியம்மா.